ஒரே இரவில் 40 நோயாளிகள்: ஹவுஸ் சர்ஜன்கள் யாரையும் மறக்காமல் கவனிப்பது எப்படி?

அரசு மருத்துவமனை வார்டில் காலை 7 மணி. வெள்ளைக் கோட் போட்ட ஓர் இளம் டாக்டர் வேகமாக வருகிறார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப், பாக்கெட்டில் நாலாக மடித்த ஒரு ஏ4 பேப்பர். ஒவ்வொரு பெட்டாக நின்று எதையோ பார்க்கிறார், பேப்பரில் குறிக்கிறார், அடுத்த பெட்டுக்கு நகர்கிறார்.

ஸ்டெதஸ்கோப் தொலைந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கடன் வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பேப்பர் தொலைந்தால் அன்றைக்கு அவர் பாடு திண்டாட்டம்தான். வார்டில் யார் எந்த பெட்டில் இருக்கிறார், யாருக்கு எந்த ரிப்போர்ட் வர வேண்டும், யாரை ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஒரே நேரத்தில் இத்தனை பேரை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்? உண்மையைச் சொன்னால், அவர்கள் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. நினைவை நம்பக் கூடாது என்பதுதான் வார்டில் கற்றுக்கொள்ளும் முதல் பாடம். விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த ஹவுஸ் சர்ஜன்?

எம்பிபிஎஸ் படிப்பு நாலரை ஆண்டு. அதன் பிறகு ஓராண்டு கட்டாய சுழற்சிப் பயிற்சி. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இவர்களை 'சி.ஆர்.ஆர்.ஐ.' என்பார்கள். பேச்சு வழக்கில் ஹவுஸ் சர்ஜன்.

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிமுறைப்படி இந்த ஓராண்டில் பொது மருத்துவத்தில் 6 வாரம், பொது அறுவை சிகிச்சையில் 6 வாரம், மகப்பேறு மருத்துவத்தில் 7 வாரம், சமூக மருத்துவத்தில் 12 வாரம் வேலை பார்க்க வேண்டும். கண், காது-மூக்கு-தொண்டை, எலும்பு, அவசர சிகிச்சை போன்ற பிரிவுகளில் தலா 2 வாரம்.

அதாவது, ஒரு வார்டு பழகுவதற்குள் அடுத்த வார்டுக்கு மாற்றல் வந்துவிடும். புது சீஃப், புது சிஸ்டர், புது கேஸ் ஷீட். முக்கியமாக, முன்பின் பார்த்திராத 30, 40 நோயாளிகள்.

இவர்களுக்கு முன்பே, இரண்டாம் ஆண்டிலிருந்தே மாணவர்களும் வார்டுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு ஒன்றிரண்டு நோயாளிகள்தான். அவர்களிடம் உட்கார்ந்து பேசி, பரிசோதித்து, சீஃப் முன்னால் கேஸ் சொல்ல வேண்டும். இரண்டு பேரைப் பற்றி எல்லாமே தெரிந்திருந்த மாணவர், ஹவுஸ் சர்ஜன் ஆனதும் 40 பேரைப் பற்றி முக்கியமானதை மட்டுமாவது தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஆளாகிறார். இந்தத் தாவல்தான் கஷ்டம்.

அட்மிஷன் நாள் என்றால் என்ன?

பெரிய அரசு மருத்துவமனைகளில் ஒவ்வொரு துறையும் பல யூனிட்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். வாரத்தில் ஒரு நாள் ஒரு யூனிட்டின் முறை. அன்றைக்கு வரும் எல்லா நோயாளிகளும் அந்த யூனிட்டின் கணக்கில் சேருவார்கள். அதுதான் 'அட்மிஷன் டே'.

ஏற்கனவே வார்டில் இருப்பவர்களோடு அன்றைக்கு புதிதாகப் பலர் சேருவார்கள். பெட் நிரம்பினால் தரையில் பாய் விரிப்பார்கள். பெட் நம்பரே இல்லாத நோயாளியை எப்படித் தேடுவது? "தூணுக்குப் பக்கத்துல, பச்சை சட்டை போட்ட அய்யா" என்றுதான் சொல்வார்கள். மதியம் அந்த அய்யா சட்டையை மாற்றிவிட்டால் அந்த அடையாளமும் போச்சு!

மனித மூளையால் எவ்வளவு தாங்க முடியும்?

அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956ல் எழுதிய கட்டுரை மிகப் பிரபலம். உடனடி நினைவில் ஏறக்குறைய 7 விஷயங்களைத்தான் ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியும் என்றார் அவர். 2001ல் நெல்சன் கோவன் என்ற உளவியலாளர், உண்மையில் அது 4 அளவில்தான் இருக்கும் என்று வாதிட்டார்.

நாலோ ஏழோ, கணக்கு இதுதான்: 30 நோயாளி, ஆளுக்கு 3 வேலை என்றால் 90 வேலை. நடுவில் "டாக்டர், ட்ரிப்ஸ் ஏறல" என்று ஒரு குரல் வந்தாலே மனதில் இருந்த ரெண்டு வேலை காணாமல் போகும். நல்ல மார்க் எடுத்தவராக இருந்தாலும் இதுதான் கதி. மூளையின் அளவே அவ்வளவுதான்.

அந்தப் பேப்பரில் என்ன இருக்கும்?

ஆளுக்கு ஆள் ஸ்டைல் மாறும். ஆனால், நன்றாக வேலை செய்யும் லிஸ்ட்களில் பொதுவாக இவை இருக்கும்:

- பெட் நம்பர், பெயர், வயது, ஐ.பி. எண்
- என்ன நோய், எத்தனையாவது நாள் (ஒரே வரியில்)
- அலர்ஜி இருந்தால் சிவப்பு மையில்
- இன்றைக்கு முடிக்க வேண்டிய வேலைகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு காலிக் கட்டம்

கடைசியில் சொன்ன அந்தக் கட்டம் பார்க்க சின்ன விஷயம்தான். ஆனால், உயிரைக் காப்பாற்றுவதே அதுதான்.

பலர் பின்பற்றும் முறை இது. வேலை இன்னும் தொடங்கவில்லை என்றால் கட்டம் காலி. ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பியாச்சு என்றால் கட்டத்தில் பாதி மட்டும் நிழல். ரிப்போர்ட்டைக் கண்ணால் பார்த்து, சீனியரிடம் சொல்லி, தேவையானதைச் செய்த பிறகுதான் முழுக் கட்டமும் நிறையும்.

எதற்கு இந்தப் பாதிக் கட்டம்? ஓர் உதாரணம் பார்ப்போம்.

'அனுப்பியாச்சு' வேறு, 'பார்த்தாச்சு' வேறு

58 வயது சிறுநீரக நோயாளி ஒருவர் வார்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை ரவுண்ட்ஸில் சீஃப், "இவருக்குப் பொட்டாசியம் அனுப்புங்க" என்கிறார். 11 மணிக்கு ஹவுஸ் சர்ஜன் ரத்தம் எடுத்து அனுப்புகிறார். லிஸ்ட்டில் டிக் அடித்துவிட்டு அடுத்த பெட்டுக்குப் போகிறார்.

2 மணிக்கு ரிப்போர்ட் வருகிறது. பொட்டாசியம் 6.8. சாதாரணமாக இது 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். 6.5க்கு மேல் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகி, எந்த நேரமும் நின்றுபோகும் ஆபத்து உண்டு. உடனே ஈசிஜி எடுத்து, கால்சியம் ஊசியில் சிகிச்சையை ஆரம்பிக்க வேண்டிய நிலை.

ஆனால், லிஸ்ட்டைப் பார்த்தால் அந்த வேலை 'முடிந்துவிட்டது'. டிக் இருக்கிறதே! ரிப்போர்ட் மேசை மேல் கிடக்கிறது. நோயாளி அமைதியாகப் படுத்திருக்கிறார். பொட்டாசியம் ஏறினால் பல நேரம் வலி தெரியாது, சத்தம் வராது.

இங்கே யாரும் சோம்பேறித்தனமாக இருக்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள், லேபும் வேலை செய்தது, ரிப்போர்ட்டும் சரியாக வந்தது. கடைசி ஒரு படி மட்டும் விட்டுப்போனது. பாதிக் கட்டம் அந்தப் படியைத்தான் ஞாபகப்படுத்துகிறது: 'இது இன்னும் முடியல'.

அதனால்தான் அனுபவமுள்ள பி.ஜி. டாக்டர்கள் "அனுப்பினியா?" என்று கேட்பதோடு விடமாட்டார்கள். "என்ன வந்துச்சு?" என்றும் கேட்பார்கள்.

யாரை முதலில் பார்ப்பது?

1ஆம் பெட்டில் ஆரம்பித்து 40ஆம் பெட் வரை வரிசையாகப் போவது சுலபம். ஆனால் மோசமாக இருப்பவர் 37ஆம் பெட்டில் இருந்தால்? அதனால் காலையில் வந்ததும் முதல் வேலை, வார்டு சிஸ்டரிடம் ஒரு கேள்வி: "ராத்திரி யாருக்குச் சரியில்ல?"

இரவு முழுக்க வார்டிலேயே இருந்தவர் அவர்தான். எந்தக் கேஸ் ஷீட்டையும் புரட்டாமல் அந்தப் பதிலிலேயே யாரை முதலில் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இதற்கு ஒரு மதிப்பெண் முறையும் இருக்கிறது. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012ல் 'நியூஸ்' என்ற முறையைக் கொண்டுவந்தது. 2017ல் அதைத் திருத்தி 'நியூஸ்-2' ஆக்கியது. மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, ஆக்சிஜன் வைக்கப்பட்டிருக்கிறதா, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சுயநினைவு, உடல் வெப்பம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். மொத்தம் 5 வந்தால் டாக்டர் சீக்கிரம் வந்து பார்க்க வேண்டும். 7 அல்லது அதற்கு மேல் என்றால் அவசர நிலை.

இதில் ரொம்ப அலட்சியப்படுத்தப்படுவது மூச்சு எண்ணிக்கைதான். மெஷின் எதுவும் தேவையில்லை. ஒரு நிமிடம் நின்று நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினால் போதும். நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் என்றால் அதற்கு மட்டுமே 3 மதிப்பெண். பி.பி. நன்றாக இருக்கும்போதே ஒருவர் மோசமாகப் போகிறார் என்பதை மூச்சு முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

ஒரே வார்டில் ரெண்டு லட்சுமி

தமிழ்நாட்டு வார்டுகளில் இது தனிப் பிரச்சினை. பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் மட்டும்தான். ஒரே வார்டில் ரெண்டு லட்சுமி, மூன்று முருகன் இருப்பது சகஜம். வயதும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

"லட்சுமி யாரும்மா?" என்று கூப்பிட்டால், காது சரியாகக் கேட்காத பாட்டியும் "நான்தான் கண்ணு" என்று கையை நீட்டுவார்.

நோயாளியை அடையாளம் காண குறைந்தது இரண்டு விவரங்களையாவது சரிபார்க்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2007ல் வெளியிட்ட நோயாளி பாதுகாப்பு வழிகாட்டுதல் சொல்கிறது. பெட் நம்பர் அதில் சேராது. நேற்று 12ஆம் பெட்டில் இருந்தவர் இன்று 20ல் இருக்கலாம்.

அதனால் மாணவர்களுக்குச் சொல்லித்தருவது இதைத்தான்: "உங்க பேரு லட்சுமிதானே?" என்று கேட்கக் கூடாது. "உங்க பேரு என்னம்மா? வீட்டுக்காரர் பேரு என்ன?" என்று கேட்டு அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். பிறகு ஐ.பி. எண்ணை ஒப்பிட வேண்டும்.

ரத்தம் எடுக்கும்போது இன்னும் கவனம் தேவை. நேரம் மிச்சமாகும் என்று பத்து ட்யூபில் முன்கூட்டியே பெயர் எழுதி எடுத்துப் போவதும், எடுத்துவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்து எழுதுவதும் ஆபத்து. எடுத்தவுடன், நோயாளி பக்கத்தில் நின்றே எழுத வேண்டும். ஒருவரின் ரத்தம் இன்னொருவரின் பெயரில் போனால் ரத்த வகையே மாறிப் பதிவாகலாம். அந்தத் தவறோடு ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து.

டூட்டி மாறும் நேரம் ஏன் ஆபத்தானது?

பகல் முழுக்க ஒரு நோயாளியைப் பார்த்த டாக்டர் இரவில் கிளம்புகிறார். புதிதாக வருபவருக்கு அந்த நோயாளி வெறும் பெட் நம்பர்தான். பகல் டாக்டருக்குத் தெரிந்த எல்லாம் சில நிமிடப் பேச்சில் கைமாற வேண்டும்.

இதற்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. 1984ல் நியூயார்க்கில் லிபி சயான் என்ற 18 வயது மாணவி காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, சில மணி நேரத்தில் உயிரிழந்தார். ஏற்கனவே சாப்பிட்டு வந்த மனச்சோர்வு மாத்திரையும் அங்கே போடப்பட்ட ஊசியும் ஒத்துப்போகாமல் இருந்திருக்கலாம் என்பது பின்னர் எழுந்த முக்கிய வாதம். அன்றிரவு அவரைக் கவனித்த பயிற்சி மருத்துவரின் பொறுப்பில் மேலும் சுமார் 40 நோயாளிகள் இருந்தார்கள்.

அவரது தந்தை தொடர்ந்து போராடினார். 1989ல் நியூயார்க் மாகாணம் பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்தை வாரம் 80 மணியாகக் கட்டுப்படுத்தியது. 2003ல் அமெரிக்கா முழுவதும் அந்த வரம்பு வந்தது. இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024ல், பி.ஜி. டாக்டர்களுக்கு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று பரிந்துரைத்தது.

ஆனால், இதில் ஒரு சிக்கலும் உண்டு. டூட்டி நேரம் குறைந்தால் டூட்டி மாறுவது அதிகமாகும். ஒரு நோயாளி இன்னும் அதிக கைகள் மாறுவார். களைப்பால் வரும் தவறு குறையும், கைமாறும்போது தகவல் விட்டுப்போகும் தவறு கூடும்.

இதற்கு வழி உண்டா?

உண்டு. 'ஐ-பாஸ்' என்று ஒரு முறை. அதில் 5 படிகள்:

1. நோயாளி எவ்வளவு மோசம்? (மோசமானவரைப் பற்றி முதலில் பேச வேண்டும்)
2. என்ன நோய், இதுவரை என்ன நடந்தது? (சுருக்கமாக)
3. இன்றிரவு செய்ய வேண்டிய வேலை என்ன?
4. என்ன ஆகலாம், ஆனால் என்ன செய்ய வேண்டும்?
5. கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும்

அமெரிக்கா, கனடாவில் 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் இதைச் சோதித்தார்கள். முடிவு 2014ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது. 10,740 அட்மிஷன்களை ஆராய்ந்ததில், மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்திருந்தன. தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்தன. ஒரு நோயாளியைப் பற்றிப் பேச ஆன நேரம் முன்பும் பின்பும் கிட்டத்தட்ட அதேதான்.

நாலாவது படி எப்படி இருக்கும்? "37ஆம் பெட் டெங்கு, பார்த்துக்கோ" என்பது பழைய முறை. "37ஆம் பெட் டெங்கு, 5வது நாள், காய்ச்சல் விட்டுடுச்சு. இப்பதான் கவனமா இருக்கணும். 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை பி.பி. பாரு. வயித்து வலி, வாந்தி வந்தாலோ, யூரின் குறைஞ்சாலோ உடனே பி.ஜி.யைக் கூப்பிடு" என்பது புதிய முறை.

டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான கட்டம் என்பது தெரியாமல் இரவு டூட்டிக்கு வரும் ஒருவர், "காய்ச்சல் இல்லையே, நல்லா இருக்கார்" என்று நினைத்துவிடலாம். அந்த இரண்டு வரி அதைத் தடுக்கிறது.

போனில் போட்டோ எடுத்தால் போதாதா?

இப்போது பலர் கேஸ் ஷீட்டையும் ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து யூனிட் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார்கள். வேகம் அதிகம்தான். சீனியர் வீட்டிலிருந்தே பார்த்து வழி சொல்லலாம்.

ஆனால், அதில் நோயாளியின் பெயர், நோய், சில நேரம் முகம்கூட இருக்கும். நோயாளியின் ரகசியம் காக்க வேண்டியது 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி மருத்துவரின் கடமை. தனிப்பட்ட டிஜிட்டல் தகவல்களுக்குப் பாதுகாப்பு தரும் சட்டமும் 2023ல் வந்தது. பெயர், ஐ.பி. எண், முகம் தெரியாமல் எடுப்பது, வேலை முடிந்ததும் அழிப்பது என்பவை குறைந்தபட்ச ஒழுங்கு. பேப்பர் லிஸ்ட்டுக்கும் இதே விதிதான். டீக்கடை டேபிளில் விட்டுவிட்டு வரக் கூடாது. டூட்டி முடிந்ததும் கிழித்துப் போட வேண்டும்.

இன்னொன்று, பாக்கெட்டில் உள்ள லிஸ்ட் டாக்டரின் ஞாபகத்துக்கு மட்டும்தான். சட்டப்படி ஆவணம் கேஸ் ஷீட். அதில் எழுதாதது நடக்காததற்குச் சமம்.

நோயாளியின் குடும்பம் என்ன செய்யலாம்?

நாளைக்கே நம் வீட்டில் ஒருவர் வார்டில் படுத்திருக்கலாம். அட்டெண்டராக இருப்பவர் செய்யக்கூடியவை:

- ஏற்கனவே சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு கொண்டு போங்கள். "சின்ன வெள்ளை மாத்திரை" என்றால் யாருக்கும் புரியாது.
- அலர்ஜி இருந்தால் ஒவ்வொரு புது டாக்டரிடமும், ஊசி போடும் முன் சிஸ்டரிடமும் சொல்லுங்கள். சொன்னதையே சொல்கிறோமே என்று கூச்சப்பட வேண்டாம்.
- ஃபேனுக்குக் கீழே இடம் வேண்டும் என்று டாக்டருக்கோ சிஸ்டருக்கோ தெரியாமல் பெட் மாற்றிக்கொள்ளாதீர்கள்.
- பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டால் கோபப்படாதீர்கள். அது உங்கள் பாதுகாப்புக்குத்தான்.
- ரத்தம் எடுத்துப் பல மணி நேரம் ஆகியும் யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால், "காலையில எடுத்த ரத்தத்துக்கு ரிப்போர்ட் வந்துடுச்சா டாக்டர்?" என்று கேளுங்கள்.
- மூச்சு வாங்கினால், பேச்சு குழறினால், திடீரென்று ரொம்ப அமைதியாகிவிட்டால் ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள்.

கடைசிக்கு முந்தைய அந்தக் கேள்வி சாதாரணமாகத் தெரியலாம். ஆனால், மேசை மேல் கிடக்கும் 6.8 என்ற ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்க வைப்பது சில நேரம் அந்த ஒரு கேள்விதான்.

ஹவுஸ் சர்ஜன் கையில் இருக்கும் கசங்கிய பேப்பரைப் பார்த்து, "இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது போல, எல்லாத்தையும் பார்த்துப் பார்த்துச் சொல்லுது" என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் பயப்பட வேண்டியது எதையும் எழுதாமல், "எல்லாம் ஞாபகம் இருக்கு" என்று சொல்பவரைப் பார்த்துத்தான்.